அமெரிக்காவுல ஃபோர் வீல் டிரைவ் கேம்பர் வேன்: கம்பெனி வேன் எடுக்கலாமா, வெளில கொடுத்து மாத்திக்கலாமா?

டென்வர்ல இருக்கேன், பொண்டாட்டி புள்ளைங்களோட மலை பாலைவனம்னு சுத்தணும், ஃபோர் வீல் டிரைவ் கேம்பர் வேன் கம்பெனிலயே வருதா இல்ல சாதா வேன் வாங்கி கன்வர்ஷன் பண்ணணுமான்னு கேட்டிருக்கீங்க. நான் சாக்ரமெண்டோ பக்கம் இருக்கேன், ஆறு வருஷமா கன்வர்ட் பண்ண 2008 ஃபோர்ட் ஈ-350 ஒண்ணு வெச்சிருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

வேன் பேரைப் பாக்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு லோ ரேஞ்ச் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க, மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்தான். நாலு சக்கரமும் இழுக்குறது ஒரு விஷயம், லோ ரேஞ்ச் வேற விஷயம். கியர் பாக்ஸுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல லோ போட்டா சக்கரம் ரொம்ப மெதுவா சுத்தும், இழுவை அதே அளவு கூடும். ஏறுறதுக்கு மட்டும்தான் அதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா எனக்கு அது இறங்கும்போதுதான் உயிரக் காப்பாத்துது. யூட்டாவுல கேன்யன்லேண்ட்ஸ் நேஷனல் பார்க்ல ஒயிட் ரிம்னு ஒரு மண் ரோடு 100 மைல், அதுல மர்ஃபி ஹாக்பேக்னு ஒரு ஏத்தம் இருக்கு, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம், அந்தப் பக்கமா இறங்கும்போது லோல ஃபர்ஸ்ட் கியர் போட்டு பிரேக்ல இருந்து கால எடுத்துட்டேன், நாலாயிரம் கிலோ வண்டி இன்ஜின் பிடியிலயே மனுஷன் நடக்குற வேகத்துல இறங்குச்சு. பிரேக்க மட்டும் நம்பி இறங்கியிருந்தா பாதி வழியிலயே பிரேக் சூடாகி பிடி விட்டிருக்கும். அந்த ரோட்டுக்கு உயரமான, லோ ரேஞ்ச் உள்ள ஃபோர் வீல் டிரைவ்தான் வேணும்னு பார்க் சர்வீஸே சொல்லுது, பெர்மிட்டும் எடுக்கணும்.

இப்ப கம்பெனி வேன் கதைக்கு வருவோம். ஃபோர்ட் டிரான்சிட்ல 2020 மாடல்ல இருந்து ஆல் வீல் டிரைவ் வருது, அதாவது தேவைப்பட்டா நாலு சக்கரமும் தானாவே இழுக்கும், ஆனா லோ ரேஞ்ச் கிடையாது. மெர்சிடிஸ் ஸ்ப்ரிண்டர் 2015ல இங்க ஃபோர் பை ஃபோர் கொண்டு வந்தப்ப லோ ரேஞ்ச் ஆப்ஷனா இருந்துச்சு, வின்னபாகோ ரெவெல் மாதிரி ரெடிமேட் கேம்பர் எல்லாம் அது மேல கட்டினதுதான், ஆனா 2023ல இருந்து அத நிறுத்திட்டு ஆல் வீல் டிரைவா மாத்திட்டாங்க, லோ போயிடுச்சு. எனக்கு இது நிஜமாவே பெரிய வருத்தம். ராம் ப்ரோமாஸ்டர் முன் சக்கரம் மட்டும்தான். ஆக இன்னைக்கு ஷோரூம்ல நீங்க பாக்குற புது பெரிய வேன் எதுலயும் கம்பெனி போட்ட லோ ரேஞ்ச் இல்ல. வேணும்னா 2022 வரைக்கும் வந்த பழைய ஸ்ப்ரிண்டர தேடணும், அதுலயும் அந்த ஆப்ஷன் போட்ட வண்டியான்னு தெரிய உள்ள லோ ரேஞ்ச் சுவிட்ச் இருக்கான்னு பாத்துத்தான் வாங்கணும், இல்லன்னா கன்வர்ஷன்.

ஆனா ஒண்ணு, உங்க சுத்தல் பெரும்பாலும் ஸ்கீ போற ரோடு, கேம்ப் கிரவுண்டுக்குப் போற மண் ரோடுன்னா டிரான்சிட் ஆல் வீல் டிரைவும் நல்ல டயரும் தாராளமா போதும். உங்க கொலராடோ ஐ-70 ஹைவேல மாரிசன்ல இருந்து டோட்சீரோ வரைக்கும் செப்டம்பர் 1ல இருந்து மே 31 வரைக்கும், பனில வழுக்காம இருக்குறதுக்காக உள்ள டிராக்‌ஷன் சட்டத்துக்கு, ஃபோர் வீல் டிரைவோ ஆல் வீல் டிரைவோ இருந்தாலும் டயர் மேல இருக்குற வரிப்பள்ளம் குறைஞ்சது 3/16 இன்ச் ஆழம் இருக்கணும். தேஞ்ச டயரோட ஃபோர் வீல் டிரைவ் வெச்சிருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆல் வீல் டிரைவ்ல ஒரு டயர் கிழிஞ்சா அத மட்டும் புதுசா போடாதீங்க, சுத்தளவு மாறி, முன் பின் சக்கரத்துக்கு இழுவையப் பிரிச்சு விடுற கப்ளிங் அடி வாங்கும், நாலையும் மாத்துங்க.

கன்வர்ஷன்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க. ஃபோர்ட் ஈ-சீரிஸ் வேன்ல கம்பெனி எப்பவுமே ஃபோர் பை ஃபோர் போட்டதில்ல, 2014 மாடலோட அந்த வேனே முடிஞ்சுபோச்சு. பென்சில்வேனியாவுல க்விக்லி, கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோவுல ஸ்போர்ட்ஸ்மொபைல், இவங்கதான் வருஷக்கணக்கா மாத்திக் கொடுத்தாங்க. முன்னாடி இருக்குற ட்வின் ஐ-பீம் சஸ்பென்ஷன (ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனி பீம்) மொத்தமா கழட்டிட்டு ஒரே நீள ஆக்ஸில் வைப்பாங்க, நடுவுல டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் டிரைவ் ஷாஃப்ட வெட்டி நீளம் குறைப்பாங்க, முன் பின் ரெண்டு ஆக்ஸில்லயும் கியர் ரேஷியோ ஒண்ணாவே இருக்கணும். க்விக்லில ஜிஎம் வேனும் பண்றாங்க, டீலர் மூலமா ஆர்டர் போட்டா ஃபேக்டரில இருந்து வேன் நேரா அவங்ககிட்ட போய் மாத்திட்டு டீலருக்கு வரும், புதுசுல போறவங்களுக்கு நிம்மதியான வழி அதுதான்.

பழசுல வாங்குனா கவனம் அதிகமா வேணும். என் வேன மாத்துனது பழைய ஓனர் ஊர்ல இருந்த ஒரு பட்டறை. வாங்கி மூணாவது மாசம் கலிஃபோர்னியா 395 ஹைவேல பிஷப் ஊருக்கு முன்னாடி 60 மைல் வேகத்துல ஒரு பாலத்தோட மூட்டுல ஏறி இறங்கினதும் ஸ்டியரிங் என் கையில இருந்து பிடுங்குற மாதிரி இடமும் வலமும் ஆடுச்சு, வண்டியே சிதறிடும் போல, பின்னாடி ரெண்டு புள்ளைங்களும் தூக்கத்துல இருந்து எழுந்து அழுதுச்சுங்க. மெதுவா வேகத்தக் குறைச்சதும் நின்னுடுச்சு. இதுக்கு டெத் வாபுள்னு பேரு, ஒரே ஆக்ஸில் வெச்ச வண்டில வர்ற வியாதி. பிஷப்ல ஒரு வயசான மெக்கானிக் பாத்தார். இன்ஜின ஆன்ல வெச்சு என் மனைவிய ஸ்டியரிங்க இடம் வலம் லேசா ஆட்டச் சொல்லிட்டு கீழ படுத்து டிராக் பார், அதாவது முன் ஆக்ஸில் இடம் வலம் நகராம பிடிக்கிற கம்பி, அதோட போல்ட் மேல விரல வெச்சார், அப்புறம் என்னையும் கீழ வரச்சொல்லி என் விரல வெக்கச் சொன்னார். ஒவ்வொரு திருப்புக்கும் போல்ட் டக் டக்னு ஓட்டைக்குள்ள நகருது. ஓட்டை முட்டை வடிவத்துல தேஞ்சு போயிருந்துச்சு. காஸ்டர் கோணமும் (முன் சக்கரம் திரும்புற அச்சு பின்னாடி சாயுற கோணம்) ஒன்றரை டிகிரிதான் வெச்சிருந்தாங்க, வேன உயர்த்துனப்ப அத சரிபண்ணவே இல்ல. பிராக்கெட்டுக்கு வெல்டிங் பண்ணி புது போல்ட் போட்டு காஸ்டர நாலுக்குக் கொண்டு வந்ததுக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஆடல. அந்தச் சோதனைய வாங்குறதுக்கு முன்னாடி நீங்களும் பண்ணுங்க, ரெண்டு ஆளு அஞ்சு நிமிஷம் போதும்.

ஆக்ஸில் எந்த வண்டியிலருந்து எடுத்ததுன்னும் கேளுங்க. 2005க்கு அப்புறம் வந்த ஃபோர்ட் சூப்பர் டியூட்டி லாரியோடதுன்னா சின்ன ஊர் கடையிலயும் பேரிங், பிரேக் பேட் கிடைக்கும். பட்டறைக்காரங்க தாங்களே செஞ்ச பார்ட்ஸ்னா டிராயிங்காவது வாங்கி வெச்சுக்கங்க.

சின்ன பழைய வேன் போதும்னா ஃபோக்ஸ்வேகன் வனகன் சிங்க்ரோ அழகான ஃபோர் வீல் டிரைவ் வண்டி, ஆஸ்திரியா கிராஸ்ல ஸ்டைர் கம்பெனி செஞ்சது, இங்க 1986ல இருந்து 1991 வரைக்கும் வந்துச்சு, வெஸ்ட்ஃபாலியா கேம்பரோடயே. இப்ப அதுவும் மலிவு இல்ல, முன் சக்கரத்துக்கு இழுவைய அனுப்புற விஸ்கஸ் கப்ளிங்ல இருக்குற சிலிக்கோன் எண்ணெய் வயசாகி கெட்டியாயிருக்கும், கூர்மையா திருப்பும்போது வண்டி இழுத்துப் பிடிச்சா அதுதான் காரணம். ஜப்பான் மிட்சுபிஷி டெலிகா வேன் 25 வருஷம் தாண்டினத இறக்குமதி பண்ணலாம், லோ ரேஞ்சும் உண்டு, ஸ்டியரிங் நம்மூர் மாதிரி வலது பக்கம்.

வேன் ஏதாவது கண்ணுல பட்டுச்சுன்னா முன் ஆக்ஸில் கவர்ல இருக்குற தகட்டையும் டிராக் பார் பிராக்கெட்டையும் கீழ இருந்து ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.