‘ட்ரெய்னி’ அட்டையும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி வேலை நேரத்தைப் பற்றியவை; மீதி, ‘ட்ரெய்னி’ என்ற பெயரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எழுதியவை. எழுதும்போது மூன்று விவரம் கட்டாயம் வேண்டும்: கடையா தொழிற்சாலையா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கையெழுத்துப் போட்ட தாளின் நகல் உங்களிடம் இருக்கிறதா. இவை இல்லாமல் பதில் சொல்வது இருட்டில் ஊசி தேடுவது போல.

துணிக்கடை விற்பனையாளர், தியாகராய நகர்: எங்கள் தளத்தில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் மேலாளர் திட்டுகிறார். காலை 9.30 மணிக்கு வந்தால் இரவு 10.30 வரை கால் கடுக்கிறது. புகார் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ பிரிவைச் சேர்த்ததே இதற்காகத்தான். ஆய்வாளர் கண்ணுக்குக் காட்டுவதற்காக ஸ்டூல் போடச் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர் உட்கார வேண்டும் என்பதற்காகவே அந்தப் பிரிவு.

ஆனால் அம்மா, பெரிய விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 9.30 முதல் 10.30 வரை என்றால் 13 மணி நேரம். கடை ஊழியருக்கு இடைவேளையையும் சேர்த்து ஒரு நாள் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. அதற்குள்ளும் வேலை நேரம் 8 மணி, ஓ.டி.யோடு (கூடுதல் நேர வேலையோடு) சேர்த்து 10 மணி. 8-க்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. வரும் நேரம், போகும் நேரத்தை ஒரு மாதம் நோட்டில் குறித்துக்கொண்டு தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் போங்கள். ஸ்டூலையும் அதே மனுவில் எழுதுங்கள்.

ஊர் குறிப்பிடாத வாசகர்: ஷிப்டை மாற்றிவிட்டார்கள். செல்லுமா?

எந்த ஷிப்டை, எங்கே, எப்படி மாற்றினார்கள்? ஒரே வரியில் கேட்டால் நான் என்ன சொல்வது? ஏற்கெனவே உள்ள பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் ஆகியவற்றுக்குள் உங்களை முறைப்படி சுழற்றினால், நிலையாணைகள் (நிறுவனத்தின் சான்று பெற்ற பணி விதிகள்) அதற்கு இடம் தந்தால், யாரும் கேட்க முடியாது. இல்லாத ஷிப்டைத் தொடங்கினாலோ, இருப்பதை நிறுத்தினாலோ, நேரத்தையே மாற்றினாலோ, தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவில் இருந்தது இது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் 40-வது பிரிவில் அப்படியே இருக்கிறது. அறிவிப்புப் பலகையை, தேதி தெரிய, படம் எடுத்து வையுங்கள்.

நூற்பாலைத் தொழிலாளி, திண்டுக்கல்: மே 1 அன்று வேலை வாங்கிக்கொண்டு சாதாரணச் சம்பளம் தந்தார்கள்.

தவறு. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அன்று வேலை செய்தால் இரட்டிப்புக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு சம்பளத்துடன் ஒரு மாற்று விடுமுறை.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவர், ஒரகடம்: இரண்டு வருடமாக ‘ட்ரெய்னி’. நிரந்தரத் தொழிலாளியின் அதே மெஷின், அதே இலக்கு. எங்கள் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ட்ரெய்னிதான். வாரத்தில் மூன்று நாளாவது 12 மணி நேரம். ஓ.டி. கேட்டால், “நீ தொழிற்பழகுநர் (அப்ரென்டிஸ்), உனக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது” என்கிறார்கள். உண்மையா?

இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்குப் பல வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் 18-வது பிரிவு, தொழிற்பழகுநரைத் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்கிறது. அந்த ஒரு பிரிவை எல்லா மனிதவள அதிகாரிகளும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தின் 15-வது பிரிவை யாரும் படிப்பதில்லை. தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் தொழிற்பழகுநரிடம் ஓ.டி. வாங்கவே கூடாது என்கிறது அது. ஒப்புதல் தருவதானாலும், அந்தக் கூடுதல் நேரம் பயிற்சிக்கோ பொது நலனுக்கோ தேவை என்று ஆலோசகர் திருப்தி அடைய வேண்டும். ஆர்டர் தேங்கி நிற்கிறது என்பது இந்த இரண்டிலும் சேராது. ஆக, நீங்கள் உண்மையான தொழிற்பழகுநர் என்றால் அந்தப் பன்னிரண்டு மணி நேரமே சட்ட மீறல். இல்லையென்றால் 18-வது பிரிவு உங்களைத் தொடாது. நீங்கள் தொழிலாளி, ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி உண்டு. எந்தப் பக்கம் புரட்டினாலும் நிர்வாகம் செய்வது தவறுதான்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு ஓர் எண் இருக்கும். எந்தத் தொழிற்பிரிவு, எத்தனை மாதம் என்று அதில் எழுதியிருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு நிறுவனம் தன் மொத்த ஆள் பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரைதான் தொழிற்பழகுநர்களை எடுக்கலாம். 400 பேர் வேலை செய்யும் ஆலையில் அதிகபட்சம் 60. உங்கள் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ட்ரெய்னி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலை முழுவதும் இதே கதை என்றால் அத்தனை பேரும் சட்டப்படியான தொழிற்பழகுநர்களாக இருக்கவே முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு. கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டை. ‘ட்ரெய்னி’ என்று அச்சிட்டு, ஒப்பந்த எண்ணுக்கான இடம் வெறுமையாக இருந்தது. பிரஸ் மெஷினில் பதினோராவது மணி நேரத்தில் நடந்த விபத்து. தொழிற்பழகுநர் என்று சொல்லி இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டில் சேர்க்கவில்லை. ஒப்பந்தம் எங்கே என்று கேட்டதற்கு, அப்படி யாரும் எங்களிடம் பயிற்சியில் இல்லை என்று நிர்வாகம் கைவிரித்தது. பையனை மீட்டது அவனுடைய செல்பேசி. மேஸ்திரி தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஷிப்ட் பட்டியல் அத்தனையும் அதில் அழியாமல் இருந்தது. பதிவான தொழிற்பழகுநராக இருந்திருந்தாலும் 16-வது பிரிவின்படி காயத்துக்கு முதலாளி இழப்பீடு தரத்தான் வேண்டும். இரண்டு கதவும் சாத்தியிருப்பதாக அவனை நம்ப வைத்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒப்பந்த நகலை எழுத்தில் கேளுங்கள். ஷிப்ட் செய்திகளை அழிக்காதீர்கள். எண் இருந்தால் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் புகார். எண் இல்லையென்றால் தொழிலாளர் உதவி ஆணையரிடம். பி.எஃப். கணக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், உங்களை ஊழியர் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டதற்கு அது நல்ல சான்று.

ஒரு தந்தை, சேலம்: மகன் டிப்ளமோ முடித்துப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். மாதம் 5,000 ரூபாய் தருகிறார்கள். சரியா?

இல்லை. தொழிற்பழகுநர் விதிகளின் 2019 திருத்தத்திலேயே டிப்ளமோ படித்தவருக்குக் குறைந்தபட்சம் 8,000 ரூபாய். 5,000 என்பது பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு வைத்த தொகை. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூட்டித் தர வேண்டும். ஒப்பந்த எண்ணை வாங்கிவிட்டீர்களா?

மெஷின் ஆபரேட்டர், ஓசூர்: தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலை சட்டமாகிவிட்டது என்கிறார் மேற்பார்வையாளர்.

2023 ஏப்ரல் 21-ல் பேரவையில் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். முதல் செய்தியை மட்டும் படித்தவர்கள் இன்னும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓ.டி., இரட்டிப்புக் கூலி.

சூப்பர் மார்க்கெட் காசாளர், திருச்சி: பெண்களை இரவு 11 மணி வரை நிறுத்தலாமா?

24 மணி நேரமும் திறக்க அனுமதி பெற்ற கடையாக இருந்தாலும், இரவு 8 மணிக்கு மேல் பெண்ணிடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்க வேண்டும். பாதுகாப்பும் போக்குவரத்தும் கடையின் பொறுப்பு. சேரும்போது கொடுத்த கற்றைத் தாளில் அந்தச் சம்மதமும் இருந்ததா என்று பாருங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது!

பயிற்சி முடிக்கப்போகிறவர், கோவை: முடித்ததும் வேலை தரக் கடமை உண்டா? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் அப்படி நிபந்தனை இருந்தால் மட்டுமே உண்டு. தொழிற்பழகுநர் சட்டத்தின் 22-வது பிரிவைப் படியுங்கள். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. அதன் நகலைக் கேளுங்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்க இந்தச் சட்டம் யாருக்கும் உரிமை தரவில்லை. இன்றே பதிவுத் தபாலில் திருப்பிக் கேளுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.