சர்க்கரை மாத்திரையும் பி12 குறைபாடும்: மருந்தாளுநரிடம் கேளுங்கள்

கேள்வி: அப்பா எட்டு வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறார். இப்போது பாதம் எரிகிறது, மதமதப்பாக இருக்கிறது என்கிறார். சர்க்கரை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடலாமா சார்?

பதில்: விடாதீர்கள். சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் எரியும், வைட்டமின் பி12 குறைந்தாலும் எரியும். அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. மெட்ஃபார்மின் அங்கேதான் குறுக்கே நிற்கிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் சில வருஷங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022-இல் இந்த பி12 குறைபாட்டை மெட்ஃபார்மினால் அடிக்கடி வரும் பக்கவிளைவு என்றே அறிவித்தது: 10 பேரில் ஒருவருக்கு வரை வரலாம். அளவு கூடக்கூட, வருஷம் ஏற ஏற வாய்ப்பும் அதிகம். அப்பா தினமும் கேஸ் மாத்திரையும் (பான்டோபிரசோல், ஒமிபிரசோல்) போடுகிறாரா? அதுவும் பி12-ஐக் குறைக்கும். நம் ஊரில் இந்த ஜோடி சர்வசாதாரணம். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள். ரொம்பத் தாமதித்தால் நரம்பு முழுதாகத் தேறாது.

கேள்வி: நான் போடுவது கிளிமிபிரைட் என்ற வேறு சர்க்கரை மாத்திரை. எனக்குக் கவலை இல்லையே?

பதில்: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல கிளிமிபிரைட் மாத்திரைகளில் மெட்ஃபார்மினும் கலந்தே வருகிறது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முருங்கைக்கீரை, முளைகட்டிய பயறு போதுமா?

பதில்: இரும்புக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் நல்லது, பி12-க்கு உதவாது. சைவத்தில் பால், தயிர்தான் வழி. நீர்மோரில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே குறைந்திருந்தால் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்டுவது கஷ்டம்.

கேள்வி: இதையெல்லாம் கேட்டுப் பயந்து மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டேன் ஐயா.

பதில்: இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். பி12-ஐ மாத்திரையாலோ ஊசியாலோ ஏற்றிக்கொள்ளலாம். அதற்காக நல்ல மருந்தைத் தள்ள வேண்டியதில்லை.

கேள்வி: டெஸ்ட் எதற்கு? சத்து மாத்திரை வாங்கிப் போட்டால் போதாதா?

பதில்: முதலில் டெஸ்ட், அப்புறம் மாத்திரை. மாத்திரை போட்டபின் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், பழைய நிலை தெரியாது. பொதுவாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை இழுபறி, டாக்டர் வேறு டெஸ்ட் கேட்கலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகப் போடாதீர்கள்: ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். இன்னொன்று, பி12 குறைவால் ரத்தசோகை வந்தால் மூன்று மாத சர்க்கரை அளவு (HbA1c டெஸ்ட்) உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதை நம்பி மருந்தை ஏற்றும்முன் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.