பீலிக்கு வலை போடுவதற்கு முன், தம்பியின் கார்

கேள்வி: எங்கள் வீடு ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில், 1970களில் கட்டியது. வாசலில் பெரிய மேப்பிள் மரம். ஒவ்வொரு இலையுதிர்காலமும் கூரைப் பீலி, அதாவது கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் வாய்க்கால், அடைத்துக்கொள்ளும். ‘அடுத்த சம்பளத்தில் ஆள் பிடிப்போம்’ என்று சொல்லிச் சொல்லியே பனி விழுந்துவிடும். போன மார்ச்சில் பனி உருகிய தண்ணீர் பீலிக்கு மேலால் வழிந்து, பேஸ்மென்ட் சுவருக்குள் இறங்கிவிட்டது. திருத்த 4,200 டொலர். வீட்டின் மேல் எடுத்த லைன் ஒஃப் கிரெடிட்டில் (வீட்டை ஈடு வைத்து, வேண்டும்போது எடுக்கும் கடன்) இருந்து கொடுத்தோம். கணவரின் தம்பியுடைய கார்த் தவணை, மாதம் 430 டொலர், அதுவும் மூன்று வருடமாக அதிலிருந்துதான் போகிறது. அந்தக் கார்க் கடனுக்கு நாங்கள் பிணைக் கையெழுத்து வைக்கவில்லை. இப்போது கடன் 19,700 அளவில் நிற்கிறது. வட்டி 6%, வட்டியை மட்டும் கட்டி வருகிறோம். போன கிழமை ஒருவர் வீட்டுக்கு வந்து, பீலிக்கு மேலே வலை போட்டால் ஆயுளுக்கும் துப்புரவு செய்யத் தேவையில்லை என்றார். 7,400 டொலர், 13.99% வட்டியில் 60 மாதத் தவணை. மாதம் 172 என்றால் எப்படியாவது சமாளிப்போம். தவணைக்குப் போவதா, லைன் ஒஃப் கிரெடிட்டில் இருந்து மொத்தமாகக் கொடுப்பதா? சனிக்கிழமை திரும்ப வருகிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். சனிக்கிழமை கதவைத் திறந்து, ‘வேண்டாம், நன்றி’ என்று சொன்னால் போதும். அதற்குள் உங்கள் கணவர் எதிலாவது கையெழுத்து வைத்திருந்தால், ஒன்ராறியோவில் இப்படி வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தைப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருக்காதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள்.

172ஐ 60ஆல் பெருக்கிப் பாருங்கள். 10,300 டொலருக்கு மேல். உங்கள் பகுதியில் பீலி துப்புரவுக்கு ஒரு தடவை 200 டொலர் கேட்கிறார்கள் என்றே வைப்போம். வசந்தத்தில் மரத்தில் இருந்து கொட்டுபவை முடிந்த ஜூனில் ஒன்று, இலைகள் கொட்டி முடிந்த நவம்பரில் ஒன்று, ஆக வருடம் 400. அந்த வலையின் காசில் 25 வருடத்துக்குத் துப்புரவு செய்யலாம். அது மட்டுமா, வலை போட்டாலும் கூரையில் பதித்த ஷிங்கிள் எனும் தார்த் தகட்டில் இருந்து உதிரும் மணலும் சிறு குப்பையும் உள்ளே போகத்தான் செய்யும். மேலே ஒட்டிக்கொள்ளும் ஈர இலையையும் யாராவது ஏறித்தான் எடுக்க வேண்டும். ‘ஆயுளுக்கும்’ என்ற சொல்லைத் தவணைத் தாளில் எங்கே எழுதியிருக்கிறார்கள், எந்த நிபந்தனையோடு எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

சரி, பீலியை விடுவோம். வரவு செலவு எழுதுங்கள், அவசரத்துக்குக் காசு ஒதுக்குங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை, அவை உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு வரியில்தான் என் கண் நிற்கிறது. 430 டொலர், 36 மாதம்: ஏறக்குறைய 15,500. மிச்சம் 4,200 பேஸ்மென்ட். அதாவது உங்கள் கடனில் ஐந்தில் நான்கு பங்கு தம்பியின் கார். அதுவும் உங்கள் சம்பளத்தில் இருந்து போகவில்லை, உங்கள் வீட்டை ஈடு வைத்த காசில் இருந்து போகிறது. வருட வட்டி மட்டும் 1,180 டொலர் அளவில். ஆள் பிடிக்கக் காசில்லை என்று நீங்கள் தள்ளிப்போடும் 400 டொலர் வேலையின் கிட்டத்தட்ட மூன்று மடங்கை வட்டியாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிணை வைக்கவில்லை என்பது நல்ல விஷயம். நீங்கள் நிறுத்தினால் உங்கள் கடன் வரலாற்றுக்கு ஒன்றும் ஆகாது. உடனே வெட்டிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. இந்த மாதமே கணவர் தம்பியிடம் நேரில் பேசட்டும்: டிசம்பர் வரை எங்கள் கையால், ஜனவரியில் இருந்து உன் கையால். வேலைக்குப் போகிற மனிதர் காரைச் சின்னதாக மாற்றலாம், இன்னொரு ஷிஃப்ட் பார்க்கலாம். அது அவருடைய கணக்கு. இதை நீங்கள் பேசப்போக வேண்டாம், பழி உங்கள் தலையில் விழும்.

நிறுத்தினால் கடன் வளர்வதுதான் நிற்கும், குறையாது. குறைக்கக் காசு எங்கே என்று கேட்பீர்கள். 172 டொலரை எப்படியாவது சமாளிப்போம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே! அதில் 35ஐ வீட்டுப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள், துப்புரவுக் காசு அதிலேயே வந்துவிடும். மீதி 137ஐ இப்போது கட்டும் வட்டியோடு சேர்த்துக் கட்டினால் இன்றைய கடன் முடிய ஒன்பது வருடம் பிடிக்கும். நீண்ட காலம்தான். இதுவரை அவருக்காகக் கட்டிய காசில் தம்பி மாதம் 200 திருப்பித் தந்தால் அது நாலேகால் வருடமாகக் குறையும். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவருக்குக் காட்டலாம்.

காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்று கணவர் சொல்லக்கூடும். சாதாரண வீட்டுக் காப்புறுதியில், பராமரிக்காமல் விட்டதால் மெல்லக் கசிந்த தண்ணீருக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. புதுப்பிக்கும்போது ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை ஒரு முறை வாசியுங்கள்.

இந்த வருட வேலைக்கு வருகிறேன். அக்டோபர் தொடக்கத்தில் ஆளைக் கூப்பிட்டால் மரத்தில் பாதி இலை அப்படியே இருக்கும், காசு வீண். நவம்பர் நடுப்பகுதிக்குப் பின், தண்ணீர் உறையத் தொடங்கும் முன் என்று நாள் குறியுங்கள். இப்போதே பதிந்து வையுங்கள், அந்த இரண்டு கிழமையில் எல்லோரும் தேடுவார்கள். துப்புரவு முடிந்ததும் குழாய்த் தண்ணீரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பீலியில் எங்கும் தேங்காமல் இறங்க வேண்டும், தேங்கினால் அது பனிக்கட்டியாகிப் பீலியையே கீழே இழுத்துவிடும். கீழிறங்கும் குழாயின் வாய் சுவரை விட்டு இரண்டு மீட்டராவது தள்ளிப் போகட்டும். அந்த நீட்டுக்குழாய் விலை குறைந்த சாமான், பேஸ்மென்டுக்கு வலையை விட அதுதான் உதவும். ரொறன்ரோவில் அந்தக் குழாய் நகரச் சாக்கடையோடு இணைந்திருக்கக் கூடாது என்பது சட்டம். பழைய வீடு என்பதால் அதையும் பாருங்கள். பேஸ்மென்ட் வெள்ளத் தடுப்புக்கு நகரசபை தரும் மானியத்துக்கு விண்ணப்பிக்கவும் அது தேவை.

கூரை விளிம்பில் பனிக்கட்டி தடித்துத் தொங்கினால், பீலியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். வீட்டுச் சூடு அட்டிக் (கூரைக்குக் கீழே உள்ள வெற்றிடம்) வழியாக ஏறிக் கூரைப் பனியை உருக்குகிறது, அது குளிர்ந்த விளிம்பில் வந்து மீண்டும் உறைகிறது. கடன் பாதியாவது குறைந்த பிறகு அட்டிக் காப்புப் பஞ்சுக்குச் செலவழிக்கலாம்.

200 டொலரை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணவர் ஏணியில் ஏறப் பார்த்தால் விடாதீர்கள்.