ஊசி என்றாலே நடுக்கமா? தடுப்பூசி செவிலியர் பதில்கள்

போன தடவை ரத்தம் எடுத்தபோதே மயங்கி விழுந்தேன். எனக்கு 16 வயது. அடுத்த வாரம் பள்ளியில் டிடி ஊசி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி) போடப் போகிறார்கள். எல்லார் முன்னாலும் விழுந்துவிட்டால்?

தம்பி, இது கோழைத்தனமே இல்லை. பயத்தில் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். சிலருக்கு அது சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறைவதால் கண் இருட்டுகிறது. உன் வயதுப் பிள்ளைகளுக்கு இது சகஜம்.

அழுத்தம் இறங்காமல் தடுக்க முடியும். உட்கார்ந்துகொண்டு தொடை, வயிறு, ஊசி போடாத கையின் முஷ்டி எல்லாவற்றையும் இறுக்கு. 10, 15 வினாடியில் முகம் சூடாவது தெரியும். அப்போது விட்டுவிடு. அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்கு. இப்படி ஐந்து தடவை. இன்றே வீட்டில் பழகு. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாகத் தொங்கவிடு. விறைத்த தசையில் வலி கூடும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ. மயங்கி விழுந்ததை நர்ஸிடம் முதலிலேயே சொல், படுக்கவைத்துப் போடுவார்கள். போட்டபின் 15 நிமிடம் எழுந்திருக்காதே.

மகளுக்கு 13 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசிக்கு "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம்மா. வலித்ததும் உங்கள் பேச்சின்மேல் நம்பிக்கை போய்விடும், அடுத்த ஊசிக்கு வர மறுப்பாள். "சுருக்கென்று இருக்கும், ஓரிரு நாள் கை கடுக்கும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். எந்தக் கையில் போடுவது, ஊசியைப் பார்ப்பதா, காதில் பாட்டு கேட்பதா, எல்லாம் அவளே முடிவு செய்யட்டும். "இவ்வளவு பெரிய பொண்ணு, வெட்கமா இல்லையா?" என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுக்கலாமா?

ஊசி குத்தும் வலிக்கு அது உதவாது. மரத்துப்போகச் செய்யும் லிடோகேயின் களிம்பு உண்டு. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே பூச வேண்டும். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளி முகாமில் ஒருத்தி மயங்கினால் பின்னாலேயே நாலு பேர் மயங்குகிறார்கள். நடிப்பா டீச்சர் என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்.

நடிப்பில்லை, டீச்சர். பயம் அப்படித்தான் தொற்றும். ஊசி போடுமிடம் வரிசையில் நிற்பவர் கண்ணில் படக்கூடாது. நடுவில் ஒரு திரை கட்டுங்கள், போட்டவர்களை வேறு வாசலில் அனுப்புங்கள். ரொம்பப் பயப்படுகிறவளைக் கடைசிவரை காக்கவைக்காமல் முதலில், தனியாக, தோழி ஒருத்தியோடு வரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பெஞ்சைக் காலியாக வையுங்கள், தலை சுற்றினால் உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கிவைக்க.