படத்தில் பிளாஸ்டிக்காகத் தெரியும் உலோகக் கை: எட்வர்ட் எல்ரிக் காஸ்ப்ளேவுக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' என்ற ஜப்பானியத் தொடரில் உலோக வலது கையுடன் வரும் ரசவாதி எட்வர்ட் எல்ரிக்கைப் போல வேடமிட (காஸ்ப்ளே) உடையைத் தயாரித்து வருகிறேன். ஃபோமில் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்த வலது கை நேரில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. படம் எடுத்தால் சாம்பல் நிற பிளாஸ்டிக் போலத் தெரிகிறது. சிவப்பு மேலங்கியும் மடிப்பே இல்லாத ஒரு சிவப்புத் திட்டாக விழுகிறது. கையைப் புதிதாகச் செய்ய வேண்டுமா, அல்லது நல்ல கேமராவை வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் தேவைப்படாது. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஒளியில் தொடங்குகின்றன. அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே பெயின்டிலும் துணியிலும் சரிசெய்ய முடியும்.

பளபளக்கும் உலோகத்தை நாம் உலோகமாக அடையாளம் காண்பது அதன் நிறத்தைக் கொண்டு அல்ல, அதில் பிரதிபலிப்பவற்றைக் கொண்டுதான். நேரில் பார்க்கும்போது நீங்கள் கையை அசைக்கிறீர்கள், வெளிச்சக் கீற்றுகள் அதன் மேல் வழுக்கி ஓடுகின்றன, கண் உடனே நம்பிவிடுகிறது. அசையாத படத்தில் அந்த உதவி கிடையாது. அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்களின் ஓவியர்கள் இதே சிக்கலை, பளிச்சென்ற வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்திலேயே கூர்மையான விளிம்புடன் ஒரு கரும்பட்டையை வரைந்து தீர்க்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழும் அறையிலோ, மேகமூட்டமான மொட்டைமாடியிலோ நின்றால் உங்கள் கை முழுவதும் ஒரே சாம்பல் நிற வானத்தையோ சுவரையோதான் பிரதிபலிக்கும். கேமராவும் அதைத்தான் பதிவு செய்கிறது.

ஆகவே கைக்குப் பார்ப்பதற்கு எதையாவது கொடுங்கள். ஒரு பெரிய வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை, படச் சட்டத்துக்குள் வராமல், முடிந்தவரை நெருக்கமாகக் கையின் ஒரு பக்கத்தில் நிறுத்தி, சன்னல் வெளிச்சமோ விளக்கொளியோ அந்த அட்டையில் படும்படி வையுங்கள். மறுபக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். அட்டை பிரதிபலிக்கும் இடம் வெண்மையாகவும், துணி பிரதிபலிக்கும் இடம் கருமையாகவும் மாறி, தகடுகளின் வளைவு திடீரென்று எழுந்து நிற்கும். அட்டையின் கோணத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, வெண்பட்டை முன்கைத் தகட்டின் நீளவாக்கில் ஓடும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கேமராவின் மேலுள்ள ஃபிளாஷை நேரடியாக அடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. அது ஒரு சிறு வெள்ளைப் புள்ளியை மட்டும் உண்டாக்கி மற்றதைத் தட்டையாக்கிவிடும். புல்வெளியில் நிற்பதும் வேண்டாம், தகடுகளின் அடிப்பக்கம் பச்சையாகிவிடும்.

இதைச் செய்தும் கை மந்தமாகவே தெரிந்தால் மேற்பரப்பைச் சோதியுங்கள். காஸ்ப்ளேவுக்குப் பயன்படும் ரப்பர் போன்ற ஈ.வி.ஏ. ஃபோமில் நுண்ணிய துளைகள் உண்டு. ஹீட் கன்னால் சீராகச் சூடுகாட்டி அவற்றை மூடாமல் பெயின்ட் அடித்திருந்தால், எந்த வெள்ளிப் பெயின்டும் சுண்ணாம்புச் சுவர் போல ஒளியைச் சிதறடிக்கும். சூடுகாட்டிய பின் வளைந்துகொடுக்கும் ப்ரைமரை (அடிப்பூச்சு) சில மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். அதன் மேல் பளபளப்பான கறுப்பு, அது நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய வெள்ளிப் பூச்சு. அடியில் இருக்கும் அந்தக் கறுப்புதான் உலோகத்துக்கு ஆழம் தருகிறது. பள்ளங்களில் நீர்த்த கறுப்பு அக்ரிலிக்கை ஓடவிட்டுத் துடைத்தெடுங்கள்; விளிம்புகளில் மட்டும் வெளிர் வெள்ளியைக் காய்ந்த தூரிகையால் தொட்டுச் செல்லுங்கள். விரல் கணுக்கள் போன்ற சிறிய இடங்களில் கிராஃபைட் தூளைத் தேய்ப்பது எனக்குப் பிடித்த முறை. தேய்ந்த எஃகின் தோற்றம் அதில் எளிதாக வந்துவிடும். குரோம் போல மின்னும் பெயின்ட்களின் மேல் வார்னிஷ் அடித்தால் மினுக்கம் பெரும்பாலும் மங்கிவிடும் என்பதால், முதலில் உள்ளங்கை அகலமுள்ள ஃபோம் துண்டுகளில் ஒவ்வொரு சேர்மானத்தையும் பூசி, படம் எடுக்கப்போகும் அதே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குச் சுமாராகத் தெரிந்த துண்டு படத்தில் முந்திக்கொள்வதை அப்போது காண்பீர்கள். ஹீட் கன்னையும் ரப்பர் வகைப் பசையையும் காற்றோட்டமுள்ள இடத்தில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகக்கவசத்துடன் மட்டுமே பயன்படுத்துங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

கை உடையும் இடம் எப்போதும் முழங்கைதான். 5 மில்லிமீட்டர் ஃபோமில் செய்த தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், உள்ளே அணியும் கறுப்பு லைக்ரா கையுறையின் மேல் தனித்தனியாக எலாஸ்டிக் பட்டைகளால் பொருத்தினால் கை மடங்கும், பெயின்டும் வெடிக்காது. இடைவெளியில் தெரியும் கறுப்பு, இயந்திரத்தின் உட்புறமாகவே தோன்றும். நுண்ணிய திருகுகளையும் வரப்புகளையும் 2 மில்லிமீட்டர் ஃபோமில் வெட்டி மேலே ஒட்டலாம்.

இங்கே ஒரு முடிவை நீங்கள் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். எட்வர்ட் சிவப்பு மேலங்கியும் வெள்ளைக் கையுறையும் அணிந்திருக்கும்போது அந்தக் கை கிட்டத்தட்ட முழுவதுமாக மறைந்துவிடுகிறது. பல வாரம் உழைத்துச் செய்த கையை மேலங்கிக்குள் ஒளித்துவைத்துப் படம் எடுத்துவிட்டு வருந்துவோர் உண்டு. மேலங்கியுடன் ஒரு தொகுப்பு, மேலங்கியைக் கழற்றிக் கையில்லாத கறுப்பு உள்சட்டையுடன் மற்றொரு தொகுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாதிரிப் படங்களையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். அரகாவா ஹிரோமு 2001 முதல் 2010 வரை வரைந்த மாங்காவும் (ஜப்பானியச் சித்திரக்கதை), 2003, 2009 ஆண்டுகளில் வந்த இரண்டு அனிமே தொடர்களும் எல்லா நுணுக்கங்களிலும் ஒத்துப்போவதில்லை. கதைக்குள்ளேயே வடக்கின் பனிப்பகுதிக்குச் செல்லும்போது எட்வர்டுக்கு வேறொரு உலோகக் கலவையிலான கை பொருத்தப்படுகிறது. கலந்து செய்தால் நுணுக்கம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிவப்பு மேலங்கியின் சிக்கல் வேறு வகையானது. அடர்ந்த சிவப்புத் துணியில் கேமராவின் சிவப்புத் தடம் (சிவப்பு நிறத்தின் அளவைப் பதிவுசெய்யும் பகுதி), மற்ற நிறங்களுக்கு வெகு முன்பே தன் உச்சத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு மடிப்பின் மேடும் பள்ளமும் ஒரே மதிப்பில் பதிவாகும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் சரியாகவே இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாத நிலை வரும்வரை எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) குறையுங்கள். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைத்தாலே பெரும்பாலும் போதும். நிறத்தைத் தூக்கிக்காட்டும் 'விவிட்' அமைப்பை அணைத்துவிட்டு, முடிந்தால் ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக எடுங்கள். கைபேசியில் திரையைத் தொட்டு வெளிச்ச அளவை விரலால் கீழே இழுத்தால் அதே பயன் ஓரளவு கிடைக்கும். துணி இன்னும் வாங்கவில்லை என்றால் சாட்டின் பக்கமே போகாமல், பளபளப்பற்ற பருத்தி ட்வில்லிலோ கேபர்டீனிலோ சற்று இருண்ட சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். முதுகில் வரும் கறுப்புச் சின்னத்தை ஒட்டு வினைலில் செய்தால் சாய்ந்த ஒளியில் அது வெள்ளையாக மின்னும். ஸ்டென்சில் வெட்டித் துணிப் பெயின்டால் பதிப்பதே மேல்.

விக்கில் பளிச்சென்ற மஞ்சளைத் தவிர்த்துத் தேன் நிறத்துக்கு நெருங்கிய பொன்னிறத்தை எடுங்கள். அதுவும் வேர்ப்பகுதி இருண்டதாக இருந்தால் நம் தோல் நிறத்தோடு இயல்பாகச் சேரும். முகத்தை வெளுப்பாக்கும் ஒப்பனை தேவையே இல்லை. அது கழுத்தில் கோடாகத் தெரிவதோடு முகபாவத்தையும் அழித்துவிடும். பொன்னிறக் கண்களுக்கு கான்டாக்ட் லென்ஸ் வேண்டுமென்றால், பவர் இல்லாத அலங்கார லென்ஸாக இருந்தாலும் கண் மருத்துவரிடம் அளவு பார்த்து வாங்குங்கள். பிறருடையதை ஒருபோதும் அணியாதீர்கள். முழு உருவப் படங்களில் கண்ணின் நிறம் தெரிவதே அரிது என்பதால், நான் அதைப் பின்தொகுப்பில் மாற்றிக்கொள்வதையே பரிந்துரைப்பேன்.

கேமராவைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த லென்ஸின் மீதுள்ள மோகம் இங்கே கெடுதலே செய்யும். பின்புலம் கரைய வேண்டுமென்று லென்ஸின் துளையை அகலமாகத் திறந்து எஃப் 1.8 வைத்து எடுத்தால் முகம் மட்டும் தெளிவாக இருக்கும், பாடுபட்டுச் செய்த கை மங்கிப்போகும். 50 அல்லது 85 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 5.6 வரை மூடிக்கொண்டு, பின்புலத்தை விட்டு நீங்கள் தள்ளி நின்றால் இரண்டும் கிடைக்கும். மேலங்கி பறக்கும் படங்களுக்கு 1/500 நொடி வேகம் வேண்டும். கைபேசியானால் அருகில் வந்து எடுக்காமல், பின்னால் நகர்ந்து இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். கையைக் கேமராவை நோக்கி நீட்டும் படத்துக்கு மட்டும் அகலக்கோண லென்ஸ் பொருந்தும். அங்கே விரல்கள் பெரிதாவதுதான் வேண்டும். எட்வர்டின் அடையாளமான, உள்ளங்கைகளைச் சேர்த்துத் தட்டும் நிலையை உங்கள் வலப்பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இடப்பக்கத்திலிருந்து எடுத்தால் சதைக் கை உலோகக் கையை மறைத்துவிடும். கேமரா மார்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருப்பது நல்லது, நீங்கள் உயரமாகத் தெரிவீர்கள். தன்னைக் குட்டை என்று யாராவது சொன்னால் எட்வர்ட் எப்படிக் கொதித்தெழுவான் என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்றைய வேலையைக் கையின் அண்மைப் படங்களிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் பெயின்டும் ஒப்பனையும் அதற்குப் பிறகு சிதைந்துகொண்டே போகும். நம் ஊர் வெயிலில் மேலங்கியும் விக்கும் ஃபோமும் சேர்ந்தால் தாங்காது. அதிகாலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரை உடன் வைத்திருங்கள். பசை, ஊக்குகள், ஊசிநூல், வெள்ளிப் பெயின்ட் ஒரு சிறு புட்டி ஆகியவை பையில் இருக்கட்டும். ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பு) தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் நிலைநிறுத்தினால் எல்லாப் படங்களிலும் சிவப்பு ஒன்றுபோல இருக்கும்.

ரசவாதத்தின் நீல மின்னலைப் பின்தொகுப்பில் சேர்ப்பதாக இருந்தால், எடுக்கும்போதே நீலத் தாள் ஒட்டிய ஒரு சிறு விளக்கைக் கைகளுக்குக் கீழே வைத்துவிடுங்கள். முகத்திலும் தகடுகளிலும் நீல ஒளி படாமல் மின்னலை மட்டும் வரைந்தால் அது ஒட்டுவேலையாகவே நிற்கும். கைபேசியின் முன்கேமராவில் எடுத்த படங்களை வெளியிடுமுன் ஒரு முறை சரிபாருங்கள். சில கைபேசிகள் அவற்றை இடவலமாகத் திருப்பியே சேமிக்கும். அப்போது எட்வர்டின் உலோகக் கை இடப்பக்கம் போய்விடும்.