லேடெக்ஸும் வேர்டும்: கணித ஆவணங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வேட்டை லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் கட்டளைகளில் எழுதியிருக்கிறேன். என் நெறியாளர் வேர்டில்தான் திருத்தித் தருவார். பி.டி.எஃப். கோப்பை வேர்டில் திறந்து சேமித்துப் பார்த்தேன். உரை ஓரளவு வந்தது. சமன்பாடுகள் எல்லாம் சிதைந்துவிட்டன. சரியான வழி எது?
– ஆய்வு மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: பி.டி.எஃப். என்பது அச்சுக்குத் தயாரான பக்கம். எந்த எழுத்துருவில் எந்த எழுத்து, தாளில் எந்த இடத்தில் என்ற விவரம்தான் வழக்கமாக அதில் இருக்கும். இது பின்னம், இது அடுக்கு, இது தொகையீட்டின் மேல் எல்லை என்ற விவரம் இருப்பதில்லை. வேர்டு 2013 முதல் பி.டி.எஃப். கோப்பைத் திறக்கும் வசதி இருந்தாலும், பின்னக் கோட்டை வெறும் கோடாகவும் தொகுதியையும் பகுதியையும் தனித்தனி வரிகளாகவும் அது எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். ஆகவே பி.டி.எஃப்-ஐ விட்டுவிட்டு, உங்கள் மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள்.

இதற்கு நான் பரிந்துரைப்பது பாண்டாக். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்ட, கோப்புகளை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இலவச மென்பொருள் இது. உள்ளீட்டுக் கோப்பின் பெயரையும் வெளியீட்டுக் கோப்பின் பெயரையும் கொடுத்து ஒரே வரியில் கட்டளையிட்டால் போதும். லேடெக்ஸ் சமன்பாட்டைப் படித்து, வேர்டு 2007-இல் அறிமுகமான ஓ.எம்.எம்.எல். என்னும் கணிதக் குறிமொழியில் அதை எழுதித் தரும். நெறியாளர் சொடுக்கினால் அது வேர்டின் சொந்தச் சமன்பாடாகவே திறக்கும். அடுக்கை மாற்றலாம், விடுபட்ட குறியைச் சேர்க்கலாம். ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதிதான். பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே ஆவணத்தின் எக்ஸ்.எம்.எல். கோப்பு இருக்கும். உங்கள் சமன்பாட்டின் பின்னம் அதில் தொகுதி ஓர் உறுப்பாகவும் பகுதி இன்னோர் உறுப்பாகவும் பிரிந்து நிற்பதைக் காணலாம். சமன்பாட்டின் கட்டமைப்பு பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

சிக்கல் வருவது எண்களில். பாண்டாக் லேடெக்ஸ் கோப்பைப் படிக்கிறதே தவிர, லேடெக்ஸின் அடித்தளமான டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலை இயக்குவதில்லை. சமன்பாட்டு எண்களோ டெக் ஓடும்போதுதான் பிறக்கின்றன. ஆகவே வேர்டுக் கோப்பில் சமன்பாடுகளுக்கு எண் இருக்காது, ‘சமன்பாடு 3.7-இன்படி’ என்று இருக்க வேண்டிய இடத்தில், நீங்கள் வைத்த அடையாளப் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். இதற்கு ஒரு வழி உண்டு. லேடெக்ஸை ஓட்டியபின் உருவாகும் ஆக்ஸ் கோப்பில் ஒவ்வோர் அடையாளப் பெயருக்கும் உரிய எண் பதிவாகியிருக்கும். மூலக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, அந்தப் பட்டியலைப் பார்த்து மேற்கோள்களுக்குப் பதில் எண்களை இட்டு, அந்தப் பிரதியைப் பாண்டாக்கிடம் கொடுத்து மாற்றுங்கள். சமன்பாட்டின் ஓரத்தில் எண் வேண்டுமானால், வேர்டு 2016-க்குப் பிந்தைய பதிப்புகளில் சமன்பாட்டின் இறுதியில் ஹேஷ் குறியையும் அடைப்புக்குறிக்குள் எண்ணையும் தட்டி என்டர் விசையை அழுத்தினால் எண் வலது ஓரம் போய் நிற்கும். இருநூறு சமன்பாடுகளுக்கு இதைச் செய்வது வீண் உழைப்பு. மேற்கோள் காட்டப்படும் முக்கியமானவற்றுக்கு மட்டும் செய்து, பி.டி.எஃப். பிரதியையும் உடன் அனுப்புங்கள். நெறியாளர் எண்களை அதில் பார்த்துக்கொள்வார்.

நீங்களே வரையறுத்த எளிய குறுக்குக் கட்டளைகளைப் பாண்டாக் விரித்துக்கொள்ளும். சில பேக்கேஜ்கள், அதாவது லேடெக்ஸின் கூடுதல் கட்டளைத் தொகுப்புகள், தரும் கட்டளைகள் அதற்குப் புரியாது. அத்தகைய சமன்பாட்டை மாற்ற முடியவில்லை என்று எச்சரிக்கை காட்டிவிட்டு, லேடெக்ஸ் வரியை அப்படியே உரைக்குள் வைத்துவிடும். அந்த எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். பலர் கோப்பு உருவாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அவற்றைப் பார்ப்பதே இல்லை. டிக்ஸ் என்ற வரைபடப் பேக்கேஜின் கட்டளைகளால் வரைந்த படங்கள் வராது. அவற்றை முன்கூட்டியே படக் கோப்புகளாக்கிச் சேருங்கள். நூற்பட்டியலுக்கு சைட்ப்ராக் என்ற தேர்வும், எழுத்துரு, தலைப்பு நடைகளுக்கு மாதிரி ஆவணத்தைக் கொடுக்கும் தேர்வும் பாண்டாக்கிலேயே உள்ளன.

இனி முக்கியமானது. நெறியாளர் திருத்திய வேர்டுக் கோப்பை மீண்டும் லேடெக்ஸாக மாற்றி அதையே மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள். குறுக்குக் கட்டளைகள் விரிந்திருக்கும். அடையாளப் பெயர்கள் மறைந்திருக்கும். பேக்கேஜ் அமைப்புகள் எதுவும் இராது. பார்வைக்குச் சரியாகத் தோன்றினாலும், ஆண்டுக்கணக்கில் நீங்கள் கட்டி எழுப்பிய ஆய்வேடாக அது இருக்காது. மூலம் எப்போதும் ஒன்றுதான் இருக்க வேண்டும். திருத்தங்களை அதில் கையால் ஏற்றுங்கள். திருத்தங்கள் ஏராளமாக இருந்தால், வேர்டின் ட்ராக் சேஞ்சஸ் (திருத்தப் பதிவு) விவரம் முழுவதையும் காட்டுமாறு பாண்டாக்கிடம் கேட்கலாம். சேர்த்தவை, நீக்கியவை, ஓரக் குறிப்புகள் ஆகியவற்றை யார் எழுதினார் என்ற பெயருடன் உரையாக எடுத்துக் கொடுக்கும். அதை அருகில் வைத்துக்கொண்டு ஏற்றினால் எதுவும் விடுபடாது.

கேள்வி: வேர்டிலேயே லேடெக்ஸ் கட்டளைகளைத் தட்ட முடியும் என்கிறார்களே, உண்மையா?
– பொறியியல் கல்லூரி ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். மைக்ரோசாஃப்ட் 365-இன் வேர்டில் ஆல்ட் விசையுடன் சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். மேலே ஈக்வேஷன் பட்டையில் லேடெக்ஸைத் தேர்ந்து, கட்டளையைத் தட்டி, கன்வர்ட் பொத்தானால் அச்சு வடிவுக்கு மாற்றலாம். ஆனால் அது ஏற்பது லேடெக்ஸின் ஒரு பகுதியை மட்டுமே. உங்கள் சொந்தக் குறுக்குக் கட்டளைகள் அங்கே செல்லாது. இரண்டு பக்க வினாத்தாளுக்கு இது வசதி. நூல் எழுதுவதானால் லேடெக்ஸிலேயே எழுதுங்கள்.

கேள்வி: பணியில் இருந்தபோது தயாரித்த கணிதப் பாடக்குறிப்புகள் பழைய வேர்டுக் கோப்புகளாக உள்ளன. சமன்பாடுகளைச் சொடுக்கினால், அவற்றைத் திருத்தும் கருவி இல்லை என்ற செய்தி வருகிறது. இவற்றை லேடெக்ஸுக்கு மாற்றி நூலாக வெளியிட விரும்புகிறேன். எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை

பதில்: வேண்டியதில்லை, ஐயா. உங்கள் சமன்பாடுகள் ஈக்வேஷன் எடிட்டர் 3.0 என்ற கருவியில் எழுதப்பட்டவை. மேத்டைப் என்ற சமன்பாட்டு மென்பொருளை உருவாக்கிய டிசைன் சயன்ஸ் நிறுவனம் எழுதிக்கொடுத்த அந்தக் கருவி ஆபீஸுடன் சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்டதால், 2018 ஜனவரிப் புதுப்பிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை அடியோடு நீக்கிவிட்டது. போனது கருவி மட்டுமே. ஒவ்வொரு சமன்பாட்டுக்குள்ளும் நீங்கள் பார்க்கும் படத்தோடு அதன் கட்டமைப்பு விவரமும் இன்னும் இருக்கிறது.

அதைப் படிக்கும் இலவச வழி லிப்ரெ ஆபீஸ். அதன் அமைப்புகளில் லோடு/சேவ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் என்ற பக்கத்துக்குச் சென்று, மேத்டைப் பொருள்களை லிப்ரெ ஆபீஸ் மேத்தாக மாற்றும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு பழைய கோப்பைத் திறந்து டாக்எக்ஸாகச் சேமித்தால், சமன்பாடுகள் புதிய வேர்டு வடிவில் எழுதப்படும். அதைப் பாண்டாக்கிடம் கொடுத்து லேடெக்ஸாகப் பெறலாம். பாண்டாக் பழைய டாக் வடிவைப் படிக்காது என்பதால் இந்த இடைப்படி எப்படியும் தேவை. கட்டணம் செலுத்தி மேத்டைப் வாங்கினால், அது வேர்டுக்குள்ளேயே எல்லாச் சமன்பாடுகளையும் டெக் உரையாக மாற்றித் தரும். ஆனால் அந்தக் கோப்பைப் பாண்டாக்கிடம் கொடுக்கும்போது, டாலர் குறிகளையும் பின்சாய்கோடுகளையும் சாதாரண எழுத்துகளாகக் கருதி, அவை அச்சில் அப்படியே தெரிவதற்கான கூடுதல் குறிகளை அது சேர்த்துவிடும். அவற்றைப் பின்னர் தேடி நீக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் வழியையே பரிந்துரைக்கிறேன். எந்த வழியானாலும் மூலக் கோப்புகளைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, முதலில் ஓர் அத்தியாயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பழைய குறிப்புகளில் பெரிய உழைப்பு வேறிடத்தில் இருக்கும். வரி நடுவே வரும் எக்ஸ் வர்க்கம் போன்ற சிறு கோவைகளுக்கு அக்காலத்தில் யாரும் சமன்பாட்டுக் கருவியைத் திறந்ததில்லை. எக்ஸைச் சாய்வெழுத்தாக்கி, 2-ஐ மேலெழுத்தாக்கி விட்டுவிடுவதே வழக்கம். வேர்டைப் பொறுத்தவரை அது கணிதமே இல்லை. ஆகவே லேடெக்ஸிலும் சாய்வெழுத்துக் கட்டளையாகவும் மேலெழுத்துக் கட்டளையாகவும்தான் வரும். அச்சில் இடைவெளியும் எழுத்தின் வடிவும் மற்றச் சமன்பாடுகளோடு பொருந்தாமல் துருத்தி நிற்கும். இந்த இரு கட்டளைகளும் அடுத்தடுத்து வரும் இடங்களைத் தேடினால் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும். அவற்றைக் கணிதமாக மாற்றுங்கள். வெக்டர்களைக் குறிக்கும் தடித்த எழுத்துகள், வகையீட்டுக் குறியான மேல் சிறுகோடு (′), கழித்தல் குறிக்குப் பதில் தட்டிய சிறு கோடு ஆகிய மூன்றையும் அச்சுப் பிரதியை அருகில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இவற்றில் நேரும் பிழையை எந்த மென்பொருளும் சுட்டிக்காட்டாது. மாணவர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

கேள்வி: தமிழில் தயாரித்த கணித வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. லேடெக்ஸுக்கு மாற்றினால் சமன்பாடுகள் நன்றாக வருகின்றன. தமிழ் மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது.
– கணித ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: மாற்றியில் தவறில்லை. உங்கள் கோப்பில் தமிழ் எழுத்துகளே இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளின் வரிசைதான். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு விலகியதும் அந்தக் குறிகள் வெளியே தெரிகின்றன. முதலில் வேர்டிலேயே உரையை யூனிகோடாக மாற்றுங்கள். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஆவணம் முழுவதையும் ஒரே மூச்சில் அவற்றிடம் கொடுத்தால், வரி நடுவே வேறு எழுத்துருவில் இருக்கும் எக்ஸ், ஒய் போன்ற மாறிகளும் தமிழ் எழுத்தாகிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேடும் வசதி உண்டு. பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்து மாற்றுங்கள்.

பிறகு லேடெக்ஸ் பக்கம் வாருங்கள். பழைய பி.டி.எஃப்.லேடெக்ஸ் தமிழுக்கு ஒத்துவராது. ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜுடன் சீலேடெக்ஸையோ லுவாலேடெக்ஸையோ பயன்படுத்துங்கள். லுவாலேடெக்ஸில் எழுத்துருவை அழைக்கும்போது எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ரெண்டரரையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி விழக்கூடும். சமன்பாட்டுக்குள் வரும் ‘எனின்’, ‘ஆகவே’ போன்ற சொற்களை டெக்ஸ்ட் கட்டளைக்குள் எழுதுங்கள். வெறுமனே எழுதினால் அவை கணித எழுத்துருவில் தேடப்பட்டு, அங்கே தமிழ் இல்லாததால் காணாமல் போய்விடும்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? சமன்பாடுகளைப் படமாக்கி ஒட்டிவிட்டால் எங்கும் சிதையாதே.
– அச்சகப் பணியாளர், சிவகாசி

பதில்: தாளில் அச்சிட்டு முடிந்துவிடும் வேலைக்கு அது போதும். கோப்பாகப் பிறர் கைக்குப் போகும் ஆவணத்துக்குப் போதாது. படத்துக்குள் தேட முடியாது. ஒரு குறியைத் திருத்த முழுப் படத்தையும் மறுபடி உருவாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையற்ற மாணவர்களை அது வெளியே நிறுத்திவிடுகிறது. இலவசத் திரைவாசிப்பானான என்.வி.டி.ஏ., மேத்கேட் என்ற நிரலின் உதவியுடன் வேர்டின் சொந்தச் சமன்பாட்டைப் பகுதி பகுதியாக வாய்விட்டுப் படிக்கும். இணையப் பக்கத்தில் மேத்எம்எல் என்னும் கணிதக் குறிமொழியில் உள்ளதையும் படிக்கும். அதே சமன்பாடு படமாக இருந்தால், அங்கே ஒரு படம் இருக்கிறது என்பதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியாது. மூலக் கோப்பு கிடைக்காமல் படம் மட்டுமே கையில் இருந்தால், வேர்டில் அந்தப் படத்தின் மாற்று உரைப் பகுதியில் சமன்பாட்டைச் சொற்களில் முழுமையாக எழுதிவையுங்கள்: எது தொகுதி, எது பகுதி, வர்க்கமூலம் எதுவரை நீள்கிறது என்பதெல்லாம் கேட்பவருக்கு ஐயமின்றி விளங்கும்படி.