குளத்துக் கருவேலத்தில் நாரைக் கூடு: எப்போது வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம்?

கேள்வி: நாங்குநேரி வட்டாரத்தில் எங்கள் ஊர். குளத்து உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களில் மூன்று வருடமாக நாரைகள் கூடு கட்டுகின்றன. இந்தக் கோடையில் மரங்களை ஏலம் விடப்போவதாகப் பேச்சு. கரையோர வீட்டுக்காரர்கள் வீச்சம் தாங்கவில்லை என்கிறார்கள், மீன் குத்தகைக்காரர் வெடி போட்டு விரட்டுகிறார். ஊருக்குள் சண்டை இல்லாமல் பறவைகளைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஏலத்தை நிறுத்துவதில் தொடங்காதீர்கள். முதலில் மடையைப் பாருங்கள். நாரைக்கு மரம் எவ்வளவு முக்கியமோ, அதன் அடியில் நிற்கும் தண்ணீர் அதைவிட முக்கியம். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை நாயும் கீரியும் காட்டுப்பூனையும் மரத்தடிக்கு வராது. பிசான நெல் அறுவடை முடிந்ததும் மீன் பிடிப்பதற்காக மடையைத் திறந்து குளத்தை ஒட்ட வடித்துவிட்டால் அந்த அரண் போய்விடும். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு அன்றைக்கே நாய்க்கு இரை. ஒரு மரத்தைக்கூட வெட்டாமலே ஒரு கூட்டத்தைக் காலி செய்துவிடலாம் என்பதை நிறைய பேர் யோசிப்பதில்லை.

உங்கள் ஊருக்கு வருவது எந்த நாரை என்று பாருங்கள். மஞ்சள் அலகும் வால் பக்கம் இளஞ்சிவப்பு இறகும் தெரிந்தால் மஞ்சள்மூக்கு நாரை. மூடிய அலகின் நடுவில் சந்து தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. பின்னது வயலில் நத்தைகளைப் பொறுக்கித் தின்பது, விவசாயிக்கு வேண்டியப்பட்ட பறவை. நம் பக்கம் மார்கழி, தை வாக்கில் இவை கூடு கட்டத் தொடங்கும். மஞ்சள்மூக்கு நாரை ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதமாவது ஆகும். எல்லாக் கூடும் ஒரே நாளில் தொடங்குவதில்லை, பிந்தி வந்த ஜோடிகளின் குஞ்சுகள் ஆனி, ஆடி வரைக்கும் மரத்தில் இருக்கும். ஆகவே கோடையில் ஏலம் என்றால் கூட்டோடு ஏலம் என்றுதான் அர்த்தம்.

வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஆடி முடிந்த பிறகு, ஆகஸ்ட் பின்பாதியும் செப்டம்பரும்தான் சரியான நேரம். கூடு காலியாகியிருக்கும், வடகிழக்குப் பருவமழைத் தண்ணீரும் வந்திருக்காது. எந்த மரத்தை வெட்டுவது என்பது அடுத்த விஷயம். ஏல அறிவிப்பில் வெறுமனே ‘கருவேல மரங்கள்’ என்று போட்டிருந்தால் விடாதீர்கள், எந்தக் கருவேலம் என்று கேளுங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்தது போலிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ கதிர்போல நீளும், காய் வைக்கோல் நிறத்தில் நீட்டமாக இருக்கும். சீமையைக் கரையிலும் மேட்டிலும் தாராளமாக எடுக்கலாம், அரசின் கொள்கையும் அதுதான். அதிலும் கூடு இருந்தால் மட்டும் ஆடி முடியும்வரை பொறுங்கள். நாட்டுக் கருவேலம் அப்படியல்ல. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் குளங்களுக்குள் நட்டது பெரும்பாலும் இதைத்தான். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் சாகாது, கிளை பரந்து கூட்டைத் தாங்கும். குளத்தின் ஆழமான பகுதியில் நிற்கும் தோப்பை அப்படியே விட்டுவிட்டு, மடைக்கும் மறுகாலுக்கும் (உபரித் தண்ணீர் வழியும் இடம்) இடைஞ்சலான மரங்களை மட்டும் குறித்துக் கொடுங்கள்.

குத்தகைக்காரரை வில்லனாக்க வேண்டாம். போட்ட பணத்தை எடுக்க வேண்டிய கவலை அவருக்கு. நீர்க்காகம் அவர் மீனைத் தின்பதும் பொய்யில்லை. ஆனால் வெடி கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குள் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் வருகிறது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். பதிலுக்கு ஊர் சார்பில் ஒன்று கொடுங்கள்: தோப்பைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர் விட்டு மற்ற பக்கம் அவர் வலை போட்டுக்கொள்ளலாம், கடைசி அறுவடைக்கு ஆடி வரை அவகாசம். அடுத்த மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில் இதை நிபந்தனையாகவே எழுதிவிட்டால் தொகை கொஞ்சம் குறையலாம், தகராறு இருக்காது. அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலையைக் கரையில் வீசக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த இழை காலில் சுற்றிய நாரை கிளையில் தலைகீழாகத் தொங்கித்தான் சாகும்.

வீச்சம் உண்மை. தண்ணீர் வற்ற வற்ற எச்சம் கெட்டியாகி நாற்றம் கூடும், அதற்கும் தண்ணீரை நிறுத்திவைப்பதுதான் பெரிய மருந்து. அதே எச்சம் வண்டலில் கலந்தால் நல்ல உரம். உங்கள் பக்கத்துப் பறவைச் சரணாலய ஊரான கூந்தன்குளத்துக்காரர்கள் அந்த வண்டலை வயலுக்கு அடித்துத்தான் பழக்கம், தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. 1994-ல் அந்தக் குளம் சரணாலயம் ஆனது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவிப்பும் வந்தது. திருப்புடைமருதூரில் தாமிரபரணி ஆற்றங்கரை மருதிலும் இலுப்பையிலும் பறவைகள் தங்குகின்றன, 2005-ல் அந்த இடமும் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சரணாலயத்துப் பறவை சரணாலயத்துக்குள்ளேயே இரை தேடுவதில்லை. சுற்றுவட்டாரக் குளங்களிலும் நெல் வயல்களிலும் மேய்ந்துவிட்டுத்தான் கூட்டுக்குத் திரும்புகிறது. உங்கள் ஊர்க் குளம் போன பிறகு கூந்தன்குளத்துக்கு எத்தனை பலகை வைத்தும் பயன் குறைவுதான்.

காகித வேலைக்கு வருவோம். ஆயக்கட்டு (குளத்தில் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறைக் குளம், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியக் குளம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது, உங்கள் மனு அங்கேயும் போக வேண்டும். கூடுகளைத் தேதி தெரிகிற மாதிரி கரையிலிருந்தே படம் எடுத்து இணையுங்கள், மரத்தடிக்குப் போய்க் கலைக்காதீர்கள். எண்ணிக்கை கையில் இருந்தால் மனுவுக்குத் தனி மதிப்பு. 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை ஒருங்கிணைக்கிறது. அடுத்த முறை உங்கள் குளத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

விழுந்த குஞ்சை வீட்டுக்குத் தூக்கி வர வேண்டாம். காயமில்லை என்றால் எட்டுகிற கிளையில் வைத்துவிடுங்கள், காயம் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அப்புறம், வெட்டும் மரத்துக்கு ஈடாகக் கன்று வைப்பதை இந்த வருடமே தொடங்குங்கள். ஆட்டுக்கிடையில் பொறுக்கிய நாட்டுக் கருவேல விதை நன்றாக முளைக்கும். கோடையில் வண்டல் எடுக்கும்போது உள்வாயில் நாலைந்து மண் திட்டுகளை விடச் சொல்லி, செப்டம்பரில் அதில் நடுங்கள்.

மார்ச் 22 கிராம சபையைத் தவறவிடாதீர்கள், மே 1 வரை காத்திருந்தால் அதற்குள் மடை திறந்துவிடும். தீர்மானத்தில் மூன்று வரி போதும்: ஆடி முடியும்வரை தோப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், அதுவரை வெட்டு இல்லை, வெடி இல்லை. குத்தகைக்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.